மண்ணுக்குள்ளேயே சிதையும் நைட்ரஸ் ஆக்சைடு

நேயர்களுக்கு வணக்கம். பயிருக்கு இடும் தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது என்பதும், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 273 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது என்பதும் பலர் அறிந்தவை. அந்த வாயுவைச் சிதைக்கும் ஆற்றலும் மண்ணுக்கே உண்டு என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண் இடுக்குகளில் வாழும் பல பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்கு மாற்றாக, தழைச்சத்து மண்ணில் எடுக்கும் ஒரு வடிவமான நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது நைட்ரேட் படிப்படியாக மாறி நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசிப் படியில் தீங்கற்ற நைட்ரஜனாகிறது. அக்கடைசிப் படியை நிகழ்த்துவது தாமிர அணுக்களைக் கொண்ட ஒரு நொதி. முந்தைய படிகளுக்கான நொதிகள் இல்லாமல் இதை மட்டும் உடைய பாக்டீரியாக்களும் உண்டு. அவை பிற உயிர்கள் வெளியிடும் வாயுவைச் சிதைப்பவை. நைட்ரேட் அரிதான சதுப்பு நிலங்களில், காற்றிலுள்ள நைட்ரஸ் ஆக்சைடே மண்நீரில் கரைந்து உள்ளிறங்கிச் சிதைவதும் அளக்கப்பட்டுள்ளது. அந்த அளவு சிறிது. மண்ணில் பிறந்த வாயு மேற்பரப்பை எட்டுமுன் அழிவதே என் பார்வையில் முதன்மையானது.

இந்நொதிக்குப் பெரும் இடையூறு மண்ணின் அமிலத்தன்மை. நார்வே நாட்டின் ஓஸ் நகரிலுள்ள உயிர் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது வியப்பூட்டுகிறது: அமில மண்ணிலும் பாக்டீரியா இந்நொதிக்கான மரபணுவை இயக்குகிறது, ஆனால், நொதி முழுமையாக உருப்பெறுவதில்லை. அமிலம் மிக மிகக் குறையும் பி.எச். அளவு 6-க்குக் கீழே இறங்க இறங்க, கடைசிப் படி தடைப்பட்டு, வாயு அப்படியே வெளியேறுகிறது. சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்தால் இந்த வெளியேற்றம் குறையக்கூடும். சுண்ணாம்பிலிருந்தும் ஓரளவு கரியமில வாயு எழும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதே பல்கலைக்கழகக் குழுவினர், பயோகேஸ் ஆலையில் மிஞ்சும் கழிவுக் கரைசலில் குளோவாசிபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவைப் பெருக்கி மண்ணில் இட்டபோது, மண்வகைக்கேற்ப வெளியேற்றம் 50 முதல் 95 விழுக்காடு வரை குறைந்ததாக 2024-இல் வெளியிட்டனர். உரமாக எப்படியும் வயலுக்குச் செல்லும் கரைசலே இந்தப் பாக்டீரியாவையும் சுமந்து செல்வது இம்முறையின் சிறப்பு.

நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் மண்ணும் அமிலம் மிகுந்ததே. தேயிலைச் செடி அமில மண்ணையே விரும்புவதால், அங்கே சுண்ணாம்பை விருப்பம்போல் கூட்ட இயலாது. எனவே தழைச்சத்தைச் செடியின் தேவைக்கு மிகாமல், பல தவணைகளாகப் பிரித்து இடுவதற்கே அத்தோட்டங்களில் முதலிடம் தர வேண்டும்.