குக்கிக்கு 30 நாள் குடுத்தும் லாகவுட் ஆகுதே, ஏன்?

அடுத்த கேள்வி. "சார், பிஎச்பில லாகின் பண்ணியிருக்கேன். செஷன் குக்கிக்கு 30 நாள் ஆயுள் வச்சுட்டேன். ஆனாலும் அரை மணி நேரம் சும்மா விட்டா லாகவுட் ஆயிடுது. சில நாள் ஆகவும் மாட்டேங்குது. எங்க தப்பு?"

அந்த "சில நாள்" இருக்கு பாருங்க, அதுதான் துப்பு.

குக்கிங்கறது சைட் உங்க பிரவுசர்ல வைக்கற ஒரு சின்னத் தகவல். செஷன் குக்கிக்குள்ள உங்க யூசரோட விவரம் எதுவும் இல்லைங்க. வெறும் ஒரு ஐடி. பொருளைக் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கற மாதிரி. டோக்கன் பிரவுசர்ல. பொருள், அதாவது யார் லாகின் பண்ணாங்கன்னு வச்சிருக்கற செஷன், சர்வர்ல ஒரு ஃபைலா இருக்கு. நீங்க டோக்கனுக்குத்தான் 30 நாள் குடுத்தீங்க. பொருளுக்கு யாரு குடுத்தது? அதுக்குத் தனியா ஜிசி மேக்ஸ்லைஃப்டைம்னு (session.gc_maxlifetime) ஒரு செட்டிங். மாத்தாம விட்டா 1440 செகண்ட், அதாவது 24 நிமிஷம். அவ்வளவு நேரம் யாரும் தொடலைன்னா அது குப்பை.

ஆனா குப்பைன்னு ஆன உடனே அள்ள மாட்டாங்க. செஷன் ஆரம்பிக்கறப்போ, நூத்துல ஒரு தடவைங்கற மாதிரி ஒரு சான்ஸ்லதான் அள்ளும். அதனாலதான் சில நாள் தப்பிச்சுடறீங்க! உபுண்டு மாதிரி சர்வர்னா இந்த வேலையை நேரம் வச்சு வேற ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கும். இன்னொண்ணு, ஒரே சர்வர்ல நாலு சைட் ஒரே ஃபோல்டர்ல செஷன் வச்சா, குறைஞ்ச நேரம் வச்சிருக்கற சைட் உங்க ஃபைலையும் சேர்த்து அழிச்சுடும். நான் இதுல ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அதனால செஷன் ஃபோல்டரைத் தனியா வச்சுக்கோங்க.

சரி, 1440ஐ 30 நாள் ஆக்கிடலாமான்னா, ஆக்கலாம், எனக்குப் பிடிக்காது. ஃபைல் குவியும், திருடு போன ஐடியும் அத்தனை நாள் செல்லும். செஷனைச் சின்னதாவே விடுங்க. "என்னை நினைவில் வை"ன்னு டிக் பண்ணவங்களுக்கு மட்டும் தனியா ஒரு குக்கி: ரேண்டமா 32 பைட். டேட்டாபேஸ்ல அதோட ஹேஷ் (திருப்பி எடுக்க முடியாதபடி மாத்தின வடிவம்) மட்டும் போதும். செஷன் போயிட்டா அதைச் சரிபார்த்து, புது செஷன் ஐடியோட உள்ள விடுங்க, அந்த நினைவுக் குக்கியோட மதிப்பையும் புதுசா மாத்திடுங்க. குக்கிக்கு எச்டிடிபிஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது), செக்யூர் (எச்டிடிபிஎஸ்ல மட்டும் போகும்) ரெண்டும் கண்டிப்பா போடணும். பாஸ்வேர்டைக் குக்கில போட்டு வைக்கற கோடு இன்னும் கண்ணுல படுது, தயவுசெஞ்சு வேணாம்.

எதை மாத்தறதுக்கு முன்னாடியும், லாகவுட் ஆனதும் டெவலப்பர் டூல்ஸ்ல குக்கி இருக்கான்னு பாருங்க. இருந்தா நான் சொன்ன சர்வர் பிரச்சனை. இல்லைன்னா குக்கியோட டொமைன், பாத் (எந்த சைட்டுக்கு, அதுல எந்தப் பகுதிக்குச் செல்லும்ங்கற செட்டிங்) ரெண்டையும் பாருங்க.