பதினைந்து வெள்ளியும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மன்னிப்பையும் மறுவாழ்வையும் வைத்து வேதாகமக் காலத்துக் காதல் கதை எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஓசியா தீர்க்கதரிசியிடம்தான் வந்து நிற்கிறார்கள். விலகிப்போன மனைவி, விடாத கணவன். திரும்ப அழைக்கிற காட்சியில் ஆளுக்கு ஒரு குடம் கண்ணீர் ஊற்றிவிடுகிறோம். ஓசியாவோ அந்த இடத்தில் அவளை விலை கொடுத்து வாங்கிய கணக்கை எழுதுகிறார்: பதினைந்து வெள்ளிக்காசு, ஒன்றரைக்கலம் வாற்கோதுமை. ஓசியா 3:2. இன்றைக்கு அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வெள்ளி. ‘காசு’ மொழிபெயர்ப்பில் வந்த சொல். ஓசியா கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக்காரர். முத்திரை போட்ட நாணயம், இன்றைய துருக்கிப் பக்கத்து லீதியா நாட்டில் தோன்றியதே அதற்குப் பிறகுதான். உங்கள் நாயகன் மடியை அவிழ்த்துக் காசை எண்ணிப் போட்டால் காட்சி கெட்டது. வெள்ளித் துண்டுகளைத் தராசில் வைத்து, எடைக்கல்லுக்குச் சரியாக நிறுக்க வேண்டும். வியாபாரியின் கையில் கள்ளத்தராசு இருக்கிறது என்று 12:7-இல் ஓசியாவே குமுறுகிறார். அந்த முள்ளை அவர் எப்படி உற்றுப் பார்த்திருப்பார்! அன்றைய எடையான சேக்கல் 11 கிராம் சொச்சம். பதினைந்தும் சேர்ந்து ஏறக்குறைய 170 கிராம், ஒரு கைப்பிடி.

தானியம் அப்படிக் கைக்குள் அடங்காது. நம் ஊர்க் கலத்துக்கு 12 மரக்கால். இங்கே ‘கலம்’ என்று வந்திருக்கும் எபிரெய ஓமேருக்கு, வேதாகம மரக்காலில் 30. கழுதை என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அது: ஒரு கழுதைச் சுமை. ஒன்றரை என்றால் 45 மரக்கால், இரண்டு கழுதைகள். ஊர் பார்க்காமல் அவரால் போயிருக்க முடியாது. அவமானத்தைப் பக்கம் பக்கமாக வருணிக்க வேண்டாம், கழுதைகளைத் தெருவில் நடக்க விடுங்கள்.

விலை? 2 இராஜாக்கள் 7:1-இல், சமாரியாவின் முற்றுகை நீங்கும் சமயத்தில், சேக்கலுக்கு இரண்டு மரக்கால் வாற்கோதுமை. அந்த விலைக்கு 45 மரக்கால் 22½ சேக்கல். மூன்று மரக்கால் கிடைக்கிற நல்ல வருஷமாக இருந்தால் 15. வெள்ளியோடு சேர்த்து 30. மாடு முட்டிச் செத்த அடிமைக்கு யாத்திராகமம் 21:32 விதிக்கும் ஈடும் 30. வெள்ளி போதாமல் வீட்டுத் தானியத்தை அள்ளிக் கட்டினார் என்று உரையாசிரியர்கள் பலர் ஊகிக்கிறார்கள். வசனத்தில் அது இல்லை. யாரிடம் கொடுத்தார் என்பதும் இல்லை. 3-ஆம் அதிகாரத்தில் அவர் மனைவி கோமேரின் பெயரே வராது, வேறொரு பெண் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இந்த இடைவெளிகள்தான் நாவலாசிரியரின் நிலம். ஆனால் நிரப்பியது நீங்கள் என்பது உங்களுக்காவது நினைவிருக்கட்டும்.

கதை அதிகம் சறுக்குவது அடுத்த வசனத்தில். விலை கொடுத்த கையோடு முதலிரவுக்குத் தாவிவிடுகிறார்கள். 3:3 சொல்வது அநேக நாள் காத்திருப்பு. அவளுக்கு மட்டுமல்ல, அவருக்கும். வாங்கிவிட்டேன் என்ற உரிமையில் அவர் நெருங்குவதில்லை. ஒரே கூரை, இரண்டு பாய்கள், நடுவில் பேச்சில்லாத மாதங்கள். நாவலின் பாதியை இங்கே செலவிடலாம்.

2-ஆம் அதிகாரத்து மிரட்டல்களை, உரிந்துவிடுவேன் என்பது வரைக்கும், நாயகன் வாயில் அப்படியே வைக்காதீர்கள். அது தேசத்துக்குச் சொன்ன உருவகம். வீட்டுக்குள் வந்தால் அடிக்கிற புருஷனின் பேச்சாகிவிடும். அடிபட்டவளைத் திரும்பிப் போ என்று சொல்கிற கதையைக் கிருபை என்று விற்க முடியாது. அங்கிருந்து எடுக்க வேண்டியது 2:16: இனி ‘பாகாலி’ இல்லை, ‘ஈஷி’. ‘என் எஜமான்’ போய் ‘என் புருஷன்’ வருகிறது. ஒரு சொல் மாற்றத்துக்கு இத்தனை மாதம் பிடித்தது என்று வாசகர் உணர வேண்டும்.

வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பதைப் பலர் மறந்தே போகிறார்கள். ஒருத்தி லோருகாமா, இரக்கம் பெறாதவள். கடைக்குட்டி லோகம்மீ, என் ஜனமல்ல. இந்தப் பெயர்களோடுதான் அவர்கள் தெருவில் விளையாடியிருக்கிறார்கள். 2:1-இல் ‘லோ’ உதிர்ந்து ருகாமா, அம்மீ ஆகிறது. சாப்பாட்டு வேளையில், வாசலில் நின்று, அந்தப் புதுப் பெயர்களை முதலில் கூப்பிடுவது அப்பாவா, அம்மாவா? உங்கள் கடைசி அத்தியாயத்தை அங்கே வையுங்கள்.