நின்ற நேரத்தை எழுதி வையுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். புளியரை, பண்பொழி, இலஞ்சி என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலிருந்து சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கி வருகிறவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தார் ‘தன்னால ஆஃப் ஆயிருது அண்ணாச்சி’ என்பார்கள். அந்தப் பக்கத்தார் ‘தன்னே ஓஃபாகுன்னு’ என்பார்கள். வருத்தம் ஒன்றுதான். ‘எப்போது நிற்கிறது?’ என்று கேட்டால் வருகிற பதிலும் ஒன்றுதான்: ‘எப்பவும்தான்.’

எப்பவும் நிற்கிற மெஷினை நான் அதிகம் பார்த்ததில்லை. அது நிற்பதற்கு ஒரு நேரம் இருக்கும், இல்லையென்றால் ஒரு வேலை இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பழுது பார்ப்பதில் பெரும்பகுதி முடிந்தது.

புளியரையில் ஒரு டீச்சர். அவர் வீட்டு கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, தானாகவே திரும்பக் கிளம்பும். வேறொரு இடத்தில் இரண்டு முறை ஃபார்மேட் செய்து, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி, ரேம் என்ற நினைவகப் பட்டையும் புதிதாக மாற்றியாகிவிட்டது. என் கடைக்கு வந்தது. மூன்று நாள் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, ‘டீச்சர், இனிமேல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். நிற்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்’ என்றேன். கடையில் ஓடுகிற மெஷின் வீட்டில் நிற்கிறது என்றால் சந்தேகம் வீட்டின் மேல்தானே வரும்?

அவர் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். ‘செவ்வாய், காலை 6.40. மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் போட்டேன்.’ ‘வியாழன், காலை 6.35. பாட்டு ஓடியது. மோட்டார்.’ ‘சனி. நிற்கவில்லை. தொட்டி நிறைந்திருந்தது.’ இப்படிப் பதினொரு தாள். கடைசித் தாளில் ‘மோட்டார்’ என்ற சொல்லுக்கு அவரே அடிக்கோடு போட்டிருந்தார்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் மாட்டியிருந்த பிளக்கில் மீட்டரை வைத்தபோது 226 வோல்ட். மோட்டாரைப் போடச் சொன்னோம். முள் 160 பக்கம் சரிந்து திரும்ப ஏறியது. மெயின் போர்டைத் திறந்தால், நியூட்ரல் கம்பியை இறுக்குகிற திருகு ஒன்று தளர்ந்து, பித்தளை கருத்துப் போயிருந்தது. கம்பியின் மேலுறை காபித்தூள் நிறம். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். தளர்ந்த இணைப்பு வழியாக அவ்வளவும் போகும்போது வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். அந்த ஒரு நொடியை சிபியுவுக்குள் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். தாங்கவில்லை. அது உள்ளே 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கவே கூடாது என்பது கணக்கு. எலக்ட்ரீஷியன் கருத்த முனையை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டித் திருகை இறுக்கினார். வாங்கிய சாமான் ஒன்றுமில்லை. கரண்ட் ஆளைக் கொல்லும். இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

யுபிஎஸ் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். வீட்டு யுபிஎஸ்-இல் இருக்கிற சின்ன பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது வோல்டேஜ் சற்றே இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும், பேட்டரியில் ஒன்றும் இருக்காது, கம்ப்யூட்டர் அணையும். வேலையை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, யுபிஎஸ் பிளக்கின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அப்புறம், எப்படி நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும். கரண்ட் போனது மாதிரி சட்டென்று அணைந்தால் மின்சாரத்தையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். மவுஸ் அசையாமல், பாட்டு ஒரே இடத்தில் ‘ட்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டு உறைந்தால் டிஸ்க், ரேம், கிராஃபிக்ஸ் பக்கம் பார்க்கலாம். விண்டோஸ் பிழையைச் சொல்லிவிட்டு நிற்கிற நீலத்திரை வந்தால் ஒரு வகையில் நல்லது. அது கையில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. புதிய விண்டோஸ் 11-இல் அந்தத் திரை கருப்பாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் இருக்கிற சொற்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ‘மெமரி மேனேஜ்மெண்ட்’ என்று வந்தால் முதலில் ரேமைச் சோதிக்க வேண்டும். ஏதாவது கோப்பின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு டிரைவரை, அதாவது ஒரு பாகத்தை விண்டோஸோடு சேர்ந்து இயங்க வைக்கிற மென்பொருளைச் சுட்டும். டிரைவர் மாதிரி விண்டோஸின் அடித்தளத்தில் இயங்குகிற மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. கம்ப்யூட்டரின் பாகம் எதுவும் பழுதாகவில்லை. எனவே, நிற்பது தொடங்குவதற்கு முன் புதிதாக எதை ஏற்றினீர்கள் என்பதும் உங்கள் தாளில் இருக்கட்டும்.

தாளில் எழுத மறந்துவிட்டால் விண்டோஸே ஒரு தாள் வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிற நாள்களெல்லாம் ஏதோ நின்ற நாள்கள். ஈவென்ட் வியூவர் என்ற இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைப் பார்த்துவிட்டு உடனே எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓடி வருகிறார்கள். அவசரப்படாதீர்கள். முறையாக மூடாமல் மெஷின் நின்றது என்று மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லவில்லை.

இனி நம் ஊர்ச் சங்கதி. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கினால் நமக்குச் சந்தோஷம், குற்றாலத்தில் சீசன். அந்த ஈரக்காற்றைத்தான் சிபியுவும் உள்ளே இழுக்கிறது. வீட்டின் முன்பக்கம் மாவு மில் நடத்துகிற ஒருவரின் சிபியுவைத் திறந்தேன். பிராசஸர் மேல் அதன் சூட்டை வாங்கி வெளியேற்ற இருக்கிற ஹீட் சிங்கின் இடுக்கெல்லாம் மாவும் ஈரமும் சேர்ந்து, தோசைக்கல்லில் காய்ந்த மாவு மாதிரி இறுகிப்போயிருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் போக வழியில்லை. பையன் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் இருபதாவது நிமிடம் அணைந்துவிடும். பிராசஸர் 100 டிகிரி பக்கம் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்ளும், அதன் அமைப்பே அப்படி. பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்ற விடாதீர்கள். ஹீட் சிங்கைக் கழற்றினால் அடியில் சூட்டைக் கடத்துகிற பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சின்னப் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

சாரல் காலத்தில் ரேமின் பொன்னிற முனைகளிலும் மங்கல் படியும். கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினாலே பல மெஷின்கள் சரியாகிவிடுகின்றன. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான்.

வைரஸ் என்று எல்லாரும் முதலில் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் திரும்பத் திரும்ப அணைவதற்கு அது காரணமாக இருந்ததை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனம் விட்டுச் சொல்கிறேன். கடை தொடங்கிய புதிதில், அடிக்கடி உறைந்து நிற்கிற ஒரு கம்ப்யூட்டரை யோசிக்காமல் ஃபார்மேட் செய்தேன். டி டிரைவில் எல்லாம் இருக்கிறது என்றார்கள், நம்பினேன். ஃபார்மேட்டில் அழிந்துபோகிற டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் இருந்திருக்கிறது. அந்த வீட்டுத் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள். அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார், வேறு பிரதி இல்லை. ஹார்ட் டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தது என்பதை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்த பிறகுதான் ஸ்குரூடிரைவரைத் தொடுகிறேன். நீங்களும் முதல் தடவை நிற்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். உறைவதோடு ‘டிக் டிக்’ சத்தமும் கேட்டால் அன்றைக்கே செய்யுங்கள். அப்புறம் அதை ஓட்ட வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேம், எஸ்.எம்.பி.எஸ்., விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. மூன்றுக்கும் காசு போயிருக்கும். ஒன்றை மாற்றி, வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை நிற்குமோ அதைப்போல் இரண்டு மடங்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இவ்வளவும் பார்த்தும் நிற்கிறது என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், என் கடைதான் என்றில்லை, பக்கத்தில் இருக்கிற எந்தக் கடைக்கும். சிபியுவோடு, நேரம் எழுதிய தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.