இப்சஸில் ஆண்டிகோனஸை வீழ்த்தியது பேராசையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான ஆண்டிகோனஸ் இப்சஸ் போரில் வீழ்ந்தது மகனின் அவசரத்தாலா, தந்தையின் பேராசையாலா என்பது தலைப்பு. பேராசையால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் குதிரையில் ஏறியவர், கடைசிவரை இறங்கவே இல்லை. மகன் டிமெட்ரியஸ் குதிரைப்படையோடு பாய்ந்தான், எதிரியை விரட்டிக்கொண்டே போனான், திரும்பி வருவதற்குள் அப்பா செத்தார், அவ்வளவுதான் என்று கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஐயா ஒரே ஒரு நாளைத்தான் பார்த்திருக்கிறார். இது இருபது வருஷத்து வழக்கு.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கி.மு. 323-ல் பாபிலோனில் அலெக்சாண்டர் கண்ணை மூடினார். வாரிசு என்று சொல்ல யார் இருந்தார்கள்? மாற்றாந்தாய்க்குப் பிறந்த, புத்தித் தெளிவில்லாத ஒரு சகோதரர். மனைவியின் வயிற்றில் இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை. அப்புறம் தளபதிகள் சும்மா இருப்பார்களா? பங்காளிச் சண்டை ஆரம்பித்தது. எகிப்தைத் தாலமி பிடித்துக்கொண்டார். மாசிடோனியா கசாண்டருக்கு, திரேஸ் லைசிமாக்கஸுக்கு, பாபிலோன் செலூக்கஸுக்கு. நம் கதாநாயகர் ஒற்றைக்கண் ஆண்டிகோனஸுக்கு ஆசியாவின் பெரும்பகுதி. பங்கு என்று பார்த்தால் இவருடையதுதான் பெரிய பங்கு. போதும் என்று நினைத்தாரா?

செலூக்கஸிடம் இவர் நடந்துகொண்டதைப் பாருங்கள். பாபிலோனுக்கு இவர் வந்தபோது செலூக்கஸ் ராஜ மரியாதை செய்தார். பரிசு கொடுத்தார், படை முழுவதற்கும் விருந்து வைத்தார். சாப்பிட்டு முடித்த கையோடு இவர் என்ன கேட்டார் தெரியுமா? பாபிலோனின் வருமானத்துக்குக் கணக்குக் கேட்டார்! கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்று இந்த அரங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் உழைப்புக்காக எனக்குக் கொடுத்த நாடு, இதற்கு உங்களிடம் ஏன் கணக்குக் காட்ட வேண்டும் என்று செலூக்கஸ் திருப்பிக் கேட்டார். பிறகு உயிருக்குப் பயந்து, ஐம்பது குதிரைவீரர்களோடு எகிப்துக்கு ஓடினார். அந்த ஆள்தான் பின்னாளில் யானைகளோடு வந்து நின்றார். அன்றைக்கு விருந்து வைத்தவரை எதிரியாக்கியது டிமெட்ரியஸ் இல்லை.

கி.மு. 315-ல் தாலமி, கசாண்டர், லைசிமாக்கஸ் மூவரும் தூதனுப்பினார்கள். எங்களுக்கும் பங்கு கொடு, செலூக்கஸுக்குப் பாபிலோனைத் திருப்பிக் கொடு என்றார்கள். பேரம் பேசியிருக்கலாம். பாதியைக் கேட்டால் காலைக் கொடுத்திருக்கலாம். போருக்குத் தயாராகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சரி, அப்போது இளரத்தம் என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அப்போதே அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

கி.மு. 302-க்கு வருகிறேன். நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிமெட்ரியஸ் கிரேக்கத்தை ஏறக்குறைய முழுவதும் வளைத்துவிட்டான். நெருக்கடி முற்றிய கசாண்டர் சமாதானம் கேட்டுக் கிழவரிடம் ஆள் அனுப்பினார். கிழவர் சொன்ன ஒரே நிபந்தனை, கசாண்டர் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும்! எதையாவது மிச்சம் வைத்தால்தானே ஒருவன் சமாதானமாகப் போவான்? கசாண்டர் உடனே லைசிமாக்கஸை அழைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தாலமிக்கும் செலூக்கஸுக்கும் தூதனுப்பினார்கள். இப்சஸில் நின்ற கூட்டணி பிறந்தது அந்த ஒற்றைப் பதிலில்தான்.

லைசிமாக்கஸ் கடலைத் தாண்டி ஆசியாவுக்குள் நுழைந்தபோது ஆண்டிகோனஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? சிரியாவில் தன் பெயரிலேயே கட்டிய ஆண்டிகோனியா நகரத்தில் விழா. கிரேக்க நாடெங்கிலுமிருந்து விளையாட்டு வீரர்களையும் கலைஞர்களையும் வரவழைத்திருந்தார். செய்தி வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, பேசிய பணத்தைப் பட்டுவாடா செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பட்டுவாடா மட்டும் 200 தாலந்து, அந்நாளைய கிரேக்கர்களின் பெரிய பணக் கணக்கு அது. பறவைக் கூட்டத்தை ஒரு கல்லையும் ஒரு கூச்சலையும் வைத்துக் கலைப்பதுபோல இவர்களைக் கலைத்துவிடுவேன் என்று அவர் சொன்னதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

கலைக்க முடியாத அளவுக்குப் பறவைகள் பெரிதாக இருந்தன. யானைகள்!

எதிரணி நண்பர் யானையைத் தொடவே இல்லை, ஏன் என்று எனக்குப் புரிகிறது. அவை எங்கிருந்து வந்தன? செலூக்கஸ் சிந்து நதிவரை வந்து சந்திரகுப்த மௌரியரோடு மோதிப் பார்த்தார். இங்கே வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் உடன்படிக்கைக்கு வந்தார். காந்தகார் பகுதி உட்படச் சிந்துவுக்கு மேற்கே இருந்த நாடுகளை விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு 500 யானைகளை வாங்கிக்கொண்டார். அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? நிறையவே இருந்தது. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்திருந்தது. நிலத்தை விட்டவருக்கு யானை கிடைத்தது. எதையும் விடாதவர் அந்த யானைக்கு முன்னால் போய் நின்றார்.

கி.மு. 301. இன்றைய துருக்கியில், அந்நாளைய ஃபிரிஜியாவில் இப்சஸ். புளூட்டார்க் தரும் கணக்குப்படி ஆண்டிகோனஸிடம் 70,000-க்கு மேல் காலாட்கள், 10,000 குதிரைகள், 75 யானைகள். எதிர்ப்பக்கம் 64,000 காலாட்கள், 10,500 குதிரைகள், 400 யானைகள், 120 தேர்கள். காலாட்படையில் கிழவர் கைதான் ஓங்கியிருந்தது. டிமெட்ரியஸ் பாய்ந்தான், செலூக்கஸின் மகன் அந்தியோக்கஸை முறியடித்தான், விரட்டினான். அளவுக்கு மீறித்தான் விரட்டினான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வரப் பார்த்தபோது நடுவில் யானைகளை நிறுத்திவிட்டார்கள். பழகாத குதிரை யானையின் வாடைக்கே மிரளும். எப்படி வருவான்?

அப்போது செலூக்கஸ் செய்ததுதான் எனக்கு முக்கியம். பக்கபலம் இல்லாமல் நின்ற அந்தக் காலாட்படை மேல் அவர் உடனே பாயவில்லை. சுற்றிச் சுற்றி வந்து மிரட்டினார், வருகிறவர்கள் என் பக்கம் வரலாம் என்று அவகாசம் கொடுத்தார். பெரும்பகுதி அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டது, மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். குதிரைகள் மகனோடு போயின, சரி. சிப்பாய்களின் மனசு எங்கே போயிற்று? ஒருவர் உலகத்தையே கேட்பதற்காக இத்தனை வருஷம் சண்டை போட்டவர்கள் அவர்கள். எதிரி வா என்று கூப்பிட்டதும் போய்விட்டார்கள்.

எண்பதைக் கடந்த ஆண்டிகோனஸ் அங்கேயே நின்றார். அரசே, உங்களைத்தான் குறிவைத்து வருகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். என்னைத் தவிர வேறு யாரைக் குறிவைப்பார்கள், டிமெட்ரியஸ் வந்துவிடுவான் என்றார். ஈட்டிகள் வந்து விழுந்தன. இதைச் சொல்லி எதிரணித் தலைவர் உங்கள் கண்களைக் கலங்க வைத்தார். எனக்கும் கலங்கியது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு கேள்வி வருகிறது. எதிரே லைசிமாக்கஸ், செலூக்கஸ், கசாண்டர் அனுப்பிய படை. களத்துக்கு வராத தாலமியும் எதிரிதான். இவர் பக்கம் துணைக்கு ஒரு ராஜா உண்டா? மகனை விட்டால் எதிர்பார்க்க ஆளே இல்லாதபடி எல்லோரையும் பகைத்துக்கொண்டது யார்?

அந்த மகனிடமாவது மனம்விட்டுப் பேசினாரா? பாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எப்போது பாசறையைக் கிளப்பப் போகிறோம் என்று ஒருமுறை டிமெட்ரியஸ் கேட்டதற்கு, ஏன், எக்காளச் சத்தம் உனக்கு மட்டும் கேட்காமல் போய்விடும் என்று பயமா என்று கேட்டவர் இவர். இப்சஸுக்கு முன்னால்தான் கூடாரத்தில் மகனோடு தனியாக உட்கார்ந்து பேசினார். அதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களாம், அந்த அளவுக்கு அது வழக்கத்தில் இல்லாதது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்து வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கசாண்டரின் சமாதானத் தூதை 302-ல் திருப்பி அனுப்பியது அவசரக்கார மகனா, பேராசைக்கார அப்பாவா? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் நீங்களும் குதிரையில் ஏறுங்கள். நன்றி, வணக்கம்.