மோரா கன்னியர்: பெயரின் வயதும் கதையின் வயதும்

வணக்கம். போர்த்துகல் நாட்டார் கதைகளில் புதையலைக் காத்துக் கிடக்கும், மந்திரத்தால் கட்டுண்ட 'மோரா' கன்னியரை, 1249இல் மன்னர் மூன்றாம் அஃபோன்சு நாட்டின் தென்கோடியான அல்கார்வேயைக் கைப்பற்றியபோது விடப்பட்டுப்போன இசுலாமியப் பெண்கள் என்று ஊரார் சொல்வதைச் சென்ற உரையில் குறிப்பிட்டிருந்தேன். "அப்படியானால், இசுலாமியர் ஆட்சி நெடுநாள் நிலைக்காத வடக்கே மின்யோவிலும் இக்கன்னியர் இருப்பது எப்படி?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

நான் அடிக்கடி சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: பெயரின் வயது வேறு, கதையின் வயது வேறு. கிமராயின்ஷ் நகருக்கு அருகே பிரிட்டெய்ரோஸ் குன்றில் 'அழகிய கல்' என்று பெயர்பெற்ற, நுண்ணிய செதுக்கு வேலையும் அடியில் ஆள் தவழ்ந்து நுழையுமளவு திறப்பும் கொண்ட பெரும் பலகைக்கல் ஒன்று இருந்தது. தக்களியில் நூல் நூற்றபடியே ஒரு மோரா அதைத் தலையில் சுமந்து வந்தாள் என்பது ஊர்க்கதை. தொல்லியலாளர் மார்த்தின்ஷ் சர்மெந்து 1875 முதல் அக்குன்றை அகழ்ந்தார்; 1930இல் அதே போன்ற இன்னொரு கல், பதித்த இடம் பெயராமலே வெளிப்பட்டபின், இவை இரும்புக்கால நீராவிக் குளியலறையின் கற்கள் என்பது தெளிவாயிற்று. இசுலாமியப் படை, போர்த்துகலும் ஸ்பெயினும் அடங்கிய ஐபீரியாவில் இறங்கிய 711க்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய கல் அது.

வட ஆப்பிரிக்க மக்களைக் குறித்த 'மவுரி' என்னும் இலத்தீன் சொல்லின் வழியில் வந்த 'மோரோ' ('மோரா' அதன் பெண்பால்), போர்த்துகேயர் வாயில் எந்த இசுலாமியரையும் குறித்தது. 1505இல் இலங்கையில் இறங்கியவர்கள் சோனகரை அப்படி அழைத்ததன் தடமாகவே 'மூர்' என்ற பெயர் அங்கே இன்றும் நிற்கிறது. கிராமத்திலோ அது மேலும் விரிந்து, நமக்கு முன் இம்மண்ணில் இருந்தவர் எவரையும் குறித்தது. ஐபீரியாவின் வடக்கே வாழும் பாஸ்க் மக்களும் தம் பழங்கற்களை எழுப்பியவர் 'மைரு' (அவர்கள் மொழியில் மூர்) என்றே சொல்கிறார்கள். எனவே கல்லுக்கும் ஊற்றுக்கும் உரிய பழைய பெண்ணுருவின்மேல் புதிய பெயர் வந்து ஏறியது என்பதே என் முடிவு.

ஆனால் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி வேறு: மோராவுக்கு ஏன் விடுதலையே கிடைப்பதில்லை? புனித யோவான் திருநாளிரவில் பொன்சீப்பால் கூந்தல் வாரியபடி அவள் கேட்பது உப்பில்லாத அப்பம், கொஞ்சம் பால், அல்லது பாம்புருவில் இருக்கும்போது ஒரு முத்தம். பாம்பு மார்பளவு ஏறியதும் முத்தமிட வந்தவன் அலறி ஓடுகிறான். அவளுடைய கட்டு இரட்டிப்பாகிறது. இன்னொரு கதையில், அவள் தந்த உலர்ந்த அத்திப்பழங்களை ஒருவன் வழியெல்லாம் வீசிவிட்டு வீடு சேர்ந்து பையை உதறுகிறான். அடியில் ஒட்டியிருந்த ஒரே பழம் பொற்காசாக விழுகிறது.