தரையைத் தொட்ட பாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான 'பார்பி' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தொடக்கத்தில், ஆடிப்பாடிக் கொண்டிருக்கும் ஓர் இரவில் பார்பி என்னும் பொம்மைப் பெண் திடீரென்று சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடுகிறாள். மறுநாள் காலையில், எப்போதும் நுனிவிரலில் நிற்கும்படி வளைந்திருந்த அவளுடைய பாதங்கள் தட்டையாகித் தரையில் பதிந்துவிடுகின்றன. நம் எல்லோருக்கும் இருக்கும் பாதங்கள்தாம் அவை. ஆனால் தோழிகள் அவற்றைப் பார்த்து அருவருப்பில் அலறுகிறார்கள். படத்தின் கதை முழுவதும் இந்தப் பாதங்களில் இருந்துதான் தொடங்குகிறது. இன்றைய என் உரையையும் அங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

1959இல் விற்பனைக்கு வந்த முதல் பார்பி பொம்மையின் பாதங்கள் குதி உயர்ந்த காலணிக்குள் மட்டுமே பொருந்தும்படி வார்க்கப்பட்டிருந்தன. அந்தப் பாதங்களில் துளைகளும் இருந்தன. ஒரு தாங்கியின் கம்பிகளை அந்தத் துளைகளில் செருகினால் பொம்மை விழாமல் நிற்கும். அழகாக நிற்க வேண்டும், ஆனால் தன் காலில் நிற்க முடியாது என்பதே அந்த உடலின் அமைப்பு. பெண்ணிடம் உலகம் எதிர்பார்ப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பொருள் ஒன்றை நான் கண்டதில்லை.

ஆயினும் இந்தப் பொம்மையைப் பழித்துவிட்டு நகர்ந்துவிட என்னால் இயலவில்லை. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர், தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளை வைத்து, வளர்ந்த பெண்களின் வாழ்க்கையை விளையாடுவதைக் கவனித்தவர். அக்காலத்தில் சிறுமிகளின் கையில் பெரும்பாலும் இருந்தவை குழந்தைப் பொம்மைகளே. அவற்றைத் தாலாட்டலாம், பால் புகட்டலாம், குளிப்பாட்டலாம். தாயாவதைத் தவிர வேறெதையும் ஒத்திகை பார்க்க அந்த விளையாட்டில் இடமில்லை. 1956இல் சுவிட்சர்லாந்துக்குப் பயணம் போன ரூத், அங்கே லில்லி என்ற ஜெர்மானியப் பொம்மையைக் கண்டார். ஒரு நாளிதழின் கேலிச்சித்திரத்தில் வந்த அந்தப் பெண்ணுருவம் வளர்ந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் பார்பியை அறிமுகப்படுத்தியது. மார்பகங்கள் உள்ள பொம்மையைத் தாய்மார்கள் மகள்களுக்கு வாங்கித் தரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. மூன்று டாலர் விலையில் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 3 லட்சம் பொம்மைகள் விற்றன.

1962இல் பார்பிக்குச் சொந்த வீடு கிடைத்தது. அந்த வீட்டில் கணவன் இல்லை. கடன் தருவதில் பாலினம் பார்த்தோ மணமானவரா என்று பார்த்தோ பாகுபாடு காட்டக் கூடாது என்னும் சட்டம் அமெரிக்காவில் 1974இல்தான் வந்தது. அதுவரை வங்கிக்குப் போன பெண்ணிடம் கணவரின் கையொப்பத்தையோ தந்தையின் கையொப்பத்தையோ கேட்பது வழக்கமாக இருந்தது. தாய்க்குக் கிடைக்காத வீட்டுக் கடன், மகளின் விளையாட்டில் அட்டை வீடாகக் கிடைத்திருந்தது. 1965இல் பார்பி விண்வெளி வீராங்கனையானாள். நிலவில் மனிதர் கால் வைக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அதே பொம்மையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1963இல் வெளிவந்த ஒரு பார்பி தொகுப்பில், உடல் எடையைக் குறைப்பது எப்படி என்றொரு குட்டிப் புத்தகம் இருந்தது. 'சாப்பிடாதே' என்பதே அதன் பின்னட்டை சொன்ன வழி. 1965இல் அதனுடன் ஒரு எடைக் கருவியும் சேர்ந்தது. அதன் முள் 110 பவுண்டில், அதாவது சுமார் 50 கிலோவில், நகராமல் நின்றது. 1992இல் வந்த பேசும் பார்பி, கணக்குப் பாடம் கடினம் என்று சொன்னாள்; அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் கண்டித்த பிறகு அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. எதுவாகவும் ஆகலாம் என்று ஊக்குவித்த பொம்மை, எதுவாக ஆனாலும் இந்த இடுப்பளவோடு ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது.

இயக்குநர் கிரெட்டா கெர்விக், நோவா பாம்பாக்குடன் சேர்ந்து எழுதிய இந்தப் படம் அந்த இரண்டு பக்கங்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவர முயல்கிறது. பார்பி பொம்மைகள் வாழும் பார்பிலாந்து என்னும் கற்பனை நாட்டில் குடியரசுத் தலைவர், நீதிபதிகள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் யாவரும் பெண்கள். தங்களைப் பார்த்து வளர்ந்ததால் நிஜ உலகத்துப் பெண்களின் துன்பமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பார்பிகள் உளமார நம்புகிறார்கள். மார்கோ ராபி நடித்த நாயகி அந்த நம்பிக்கையோடு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வெனிஸ் கடற்கரைக்கு வந்து சேர்கிறாள். உடன் வருபவன் ரயன் காஸ்லிங் நடித்த கென். பார்பிலாந்தின் ஆண் பொம்மைகளுக்கெல்லாம் கென் என்றே பெயர். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஒரே மாதிரி உடையணிந்து, சக்கரக் காலணிகளோடு இருவரும் அருகருகே போகிறார்கள். எல்லோரும் அவர்களைப் பார்க்கிறார்கள். தன்னைப் பார்க்கும் பார்வைகளில் மரியாதை மட்டுமே இருப்பதாகக் கென் சொல்கிறான். தன் மேல் விழும் பார்வைகளுக்குள் வன்முறையின் சாயல் இருப்பதாகப் பார்பி சொல்கிறாள். ஒரே தெரு, ஒரே நேரம், ஒரே வகை உடை. தனியாகப் பேருந்துக்குக் காத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. விளக்கம் தேவைப்படுவோருக்கு அது சில நொடிகளிலேயே கிடைத்துவிடுகிறது.

கென்னின் கதையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் படத்தின் கூர்மையான சிந்தனை அங்கேதான் இருக்கிறது. பார்பிலாந்தில் அவனுக்கு வீடு இல்லை, வேலை இல்லை, பெயருக்குப் பின்னால் ஒரு தகுதியும் இல்லை. பார்பி பார்த்தால்தான் அவனுக்கு அன்றைய நாள் நாளாகிறது. நிஜ உலகத்தில் நெடுங்காலம் மனைவியர் வாழ்ந்த நிலை இதுதானே! படம் அதை ஓர் ஆணின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. தெருவில் ஒரு பெண் தன்னை 'ஐயா' என்று அழைத்து மணி கேட்டதுமே அவன் மனம் நிறைந்துவிடுகிறது. ஆணாதிக்கம் என்ற ஒன்றை அங்கே கண்டுபிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறான். அதற்கு முன் ஓர் அலுவலக மனிதரிடம் அவன் வேலை கேட்க, ஆண் என்பது மட்டும் இப்போது போதாது என்கிறார் அவர். அப்படியானால் நீங்கள் ஆணாதிக்கத்தைச் சரியாகச் செய்யவில்லையே என்று கென் குறைப்பட, நன்றாகத்தான் செய்கிறோம், இப்போது இன்னும் நன்றாக மறைக்கிறோம் என்று அந்த மனிதர் பதில் சொல்கிறார். அரங்கம் சிரிக்கும் இடம் இது. பெண்கள் பணிபுரியும் அலுவலகங்களில் இன்று நடப்பதை அவ்வளவு நேர்மையாகச் சொன்ன வசனமும் இதுதான்.

கென்கள் ஆட்சியைப் பிடித்ததும் நேற்றுவரை மருத்துவராகவும் நீதிபதியாகவும் இருந்த பார்பிகள் மதுக்கிண்ணம் ஏந்திப் பணிவிடை செய்கிறார்கள். அதிலே மகிழ்ச்சி என்றும் சொல்கிறார்கள். அவர்களை மீட்பது குளோரியா என்ற நிஜப் பெண்ணின் பேச்சு. அமெரிக்கா ஃபெரேரா நடித்த குளோரியா, மேட்டல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், ஒரு பருவ வயது மகளின் தாய். மெலிந்திருக்க வேண்டும், ஆனால் மெலிய விரும்புவதாகச் சொல்லக் கூடாது. தலைமை ஏற்க வேண்டும், ஆனால் அதிகாரம் செய்யக் கூடாது. பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருக்க வேண்டும், ஆனால் ஓயாமல் அவர்களைப் பற்றியே பேசக் கூடாது என்று, ஒன்றை ஒன்று வெட்டும் கட்டளைகளை அவள் மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். இது பெண்ணியத்தின் அரிச்சுவடி, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று படித்தவர்கள் பலர் குறை கூறினார்கள்.

அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. அந்தப் பேச்சு கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கேட்ட மாத்திரத்தில் மயக்கத்தில் இருந்த ஒரு பார்பி விழித்துக்கொள்கிறாள். பிறகு ஒவ்வொருவராக அழைத்துவந்து அதையே கேட்கச் செய்கிறார்கள், ஒவ்வொருவராக விழிக்கிறார்கள். 1960களின் இறுதியிலும் 1970களிலும் அமெரிக்கப் பெண்கள் வீட்டு வரவேற்பறைகளில் சிறு குழுக்களாகக் கூடி, தங்களுக்கு நேர்ந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக் கேட்டார்கள். தன் குறைபாடு என்று ஒருத்தி நினைத்திருந்தது எல்லோருக்கும் நேர்வது என்று அப்போதுதான் தெரிந்தது. 1963இல் அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் 'பெயரில்லாத பிரச்சினை' என்று எழுதியதற்கு அங்கே பெயர் கிடைத்தது. குளோரியாவின் பேச்சு அந்தக் கூட்டங்களின் வாரிசு. அரிச்சுவடி என்பது உண்மைதான். அதைச் சத்தமாக வாசிக்கக் கேட்காத சிறுமிகள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

படத்தின் முடிவில் பார்பிகள் ஆட்சியை மீட்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடமாவது தரக் கூடாதா என்று ஒரு கென் கேட்க, அது முடியாது, கீழமை நீதிமன்றத்தில் வேண்டுமானால் பார்க்கலாம் என்று குடியரசுத் தலைவரான பார்பி பதில் தருகிறார். நிஜ உலகில் பெண்களுக்கு இருக்கும் அளவு அதிகாரம் ஒரு நாள் கென்களுக்கும் வந்துவிடும் என்று பின்னணிக் குரல் சேர்த்துக்கொள்கிறது. சமத்துவம் பேசும் படம் சமத்துவத்தில் முடியவில்லையே என்று வருந்தியவர்கள், அந்தக் காட்சி ஒரு கண்ணாடி என்பதைக் காணத் தவறினார்கள் என்பேன். கென்னுக்காகப் பொங்கிய அந்த நியாய உணர்ச்சி, அதே சொற்களில் காத்திருக்கச் சொல்லப்பட்ட பெண்களுக்காக எத்தனை முறை பொங்கியிருக்கிறது? பார்பியும் கென்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஒவ்வோர் இரவும் தோழியருக்கான இரவாகவே இருந்திருக்க வேண்டியதில்லை என்கிறாள். அவள் இல்லாமல் தான் யார் என்று தேட வேண்டியவன் அவன்தான் என்றும் சொல்கிறாள். ஆண்களை வெறுக்கும் படம் என்று இதைச் சொன்னவர்கள் இந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டுகிறேன்.

இவ்வளவு சொன்ன பின் ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். இது பொம்மை விற்கும் நிறுவனமே பங்கேற்றுத் தயாரித்த படம். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவைப் படம் எள்ளுகிறது. ஒரு சாதாரண பார்பியைச் செய்யலாம், அன்றைய நாளைக் கடந்தால் போதும் என்றிருக்கும் ஒரு பெண்ணைப் போல, என்று குளோரியா சொல்லும்போது நிறுவனத் தலைவர் மறுக்கிறார். அது நன்றாக விற்கும் என்று ஒருவர் கணக்கிட்டுச் சொன்னதும் சம்மதிக்கிறார். தன்னைத் தானே எள்ளிக்கொள்வதிலும் நிறுவனத்துக்கு இலாபம் உண்டு என்பதை இந்தக் காட்சி மறைக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டதாலேயே அது சரியாகிவிடாது. தான் அழகில்லை என்று பார்பி அழும்போது, இதைச் சொல்ல மார்கோ ராபியை நடிக்க வைத்தது பொருத்தமில்லை என்று பின்னணிக் குரல் சொல்வதும் அத்தகைய ஒப்புதலே.

ஆனால் ஒரு காட்சியில் படம் அந்த விற்பனைக் கணக்குகளை எல்லாம் மறந்து நிற்கிறது. நிஜ உலகத்துக்கு வந்த பார்பி ஒரு பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு மூதாட்டி. பார்பிலாந்தில் முதுமை கிடையாது. சுருக்கம் விழுந்த முகத்தை அவள் முன்பு கண்டதே இல்லை. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் அழகாக இருக்கிறீர்கள் என்கிறாள். அது தனக்குத் தெரியும் என்று மூதாட்டி சிரிக்கிறார். அந்த வேடத்தில் இருந்தவர், தொண்ணூறு வயதை எட்டிய ஆடை வடிவமைப்பாளர் ஆன் ராத். கதை நகர்வுக்கு வேண்டாததால் அந்தக் காட்சியை நீக்கலாம் என்ற யோசனை வந்தபோது, அதை நீக்கினால் இந்தப் படம் எதைப் பற்றியது என்றே தனக்குத் தெரியாது என்று கெர்விக் மறுத்ததைப் பேட்டியில் கூறியிருக்கிறார். குதி உயர்ந்த காலணியில் பிறந்த பொம்மைக்கு, மூப்படையும் உடல் ஒரு தண்டனையாக அன்றி ஒரு வாழ்க்கையாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

கதையின் கடைசியில் பார்பி மனுஷியாக விரும்பும்போது அவளை வழிநடத்துபவர் ரூத் ஹேண்ட்லரின் உருவம். இரு மார்பகங்களையும் இழந்த, வரிச் சிக்கலில் மாட்டிய குள்ளமான பாட்டி என்று அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். உண்மை வாழ்வில், 1970இல் ரூத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை செய்யப்பட்டது. சில ஆண்டுகளில், தான் இணைந்து தொடங்கிய நிறுவனத்தை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. 1978இல் பொய்க்கணக்குக் காட்டியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கை எதிர்க்காமல் அபராதத்தையும் சமூக சேவையையும் ஏற்றார். படம் மென்மையாகத் தொட்டுச் செல்லும் இந்தத் தவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நோய்க்குப் பின் தனக்குப் பொருந்தும் செயற்கை மார்பகம் கடைகளில் கிடைக்காமல் போனபோது, அவர் அதைத் தாமே வடிவமைத்தார். இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக, வெவ்வேறு அளவுகளில். நோயிலிருந்து மீண்டு வந்த பெண்களுக்கு அவரே நேரில் பொருத்திக் காட்டினார். எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத மார்பகத்தை ஒரு பொம்மைக்குக் கொடுத்தவர், அதை இழந்த பெண்களின் உடலைத் தொட்டு, ஒவ்வொருத்திக்கும் அவளவளுடைய அளவைத் தேடினார்.

படத்தின் கடைசிக் காட்சியில், பார்பரா ஹேண்ட்லர் என்ற பெயரோடு ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன் ஒரு பெண் காரிலிருந்து இறங்குகிறாள். வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருக்கிறாள் என்று நாம் நினைக்கிறோம். வரவேற்பு மேசைக்குப் போய், மகளிர் மருத்துவரைப் பார்க்க வந்திருப்பதாகப் பெருமிதத்தோடு சொல்கிறாள். அவளுடைய காலில் தட்டையான செருப்பு.