லடாக் போகும் ஹிமாலயனில் என்னென்ன மாட்ட வேண்டும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வாங்கியிருக்கிறேன். ஜூன் கடைசியில் லே கிளம்புகிறேன். கிராஷ் கார்டு, அலுமினியப் பெட்டி, கூடுதல் லைட், பெட்ரோல் கேன், இதில் எதையெல்லாம் மாட்டணும்? ஸ்ரீநகர் வழியாகப் போகவா, மணாலி வழியாகவா?"

நல்ல கேள்வி. ஆனால் படித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாட்டுவதைப் பற்றி இவ்வளவு கேட்ட தம்பி, கழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் லிஸ்ட். கிராஷ் கார்டு அவசியம். கூடுதல் லைட் வேண்டாம், ஏனென்றால் அந்த மலையில் இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. அலுமினியப் பெட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காலிப் பெட்டியே கனம். மணலில் சாய்ந்தால் கால் அதன் அடியில் மாட்டும். இரண்டு பக்கமும் துணிப்பை போதும். சைலன்சர் பக்கம் பையும் அதன் வாரும் குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலுக்குக் கணக்குப் போடலாம். மணாலி தாண்டி தண்டியில் ஒரு பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. என்று அங்கே பலகை வைத்தது ஊருக்கே தெரியும். உங்கள் டேங்க் 15 லிட்டர். ஏற்றத்தில் லிட்டருக்கு 25 கி.மீ. என்று வைத்தாலும் 375 வருகிறது. இழுத்துப் பிடித்தால் போய்விடலாம், ஆனால் அப்படிப் போகக் கூடாது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வீண் சுமை.

அப்புறம், நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். செயின் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், ஷாக் அப்சார்பர் பற்றிப் பேசியபோதும் சொன்னேன். சாமான் ஏற்றிய பிறகு அது வேறு பைக். வண்டியே 199 கிலோ. அதன் மேல் நீங்கள், பை, கேன், டூல்ஸ். எல்லாம் ஏறியதும் பின்பக்கம் இறங்குகிறது. இறங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது, முன் சக்கரம் லேசாகிறது, செயின் இறுகுகிறது. காலி வண்டியில் சரியாக வைத்த செயின், சுமையோடு பள்ளத்தில் விழும்போது விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். அதனால் ஷாக்கில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கூட்டிவிட்டு, சாமானைக் கட்டி, ஆளும் உட்கார்ந்தபடி செயின் தளர்வைப் பாருங்கள். அதே சுமையோடு கொடைக்கானல் வரை ஏறி இறங்கி வாருங்கள். எந்தப் பை ஆடுகிறது, எந்த போல்ட் கழன்றது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது கழற்றுவதைப் பற்றி. 411-இல் இருப்பது ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். டியூப்லெஸ் போல வெளியிலிருந்து பஞ்சர் ஒட்ட முடியாது. சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17. இரண்டு டியூபும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் 21 அங்குல டியூப். அவசரத்துக்கு அதைச் சுருக்கிப் பின் சக்கரத்தில் திணித்து மெதுவாக ஓட்டலாம். 17 அங்குல டியூப் முன் சக்கரத்துக்கு இழுபடாது.

மணாலி–லே வழியில் பாங் என்ற இடத்துக்கு அருகே கோயம்புத்தூர் நண்பர்கள் இருவரைப் பார்த்தேன். பின் டயர் பஞ்சர். டியூப், டயர் லீவர், பம்பு என்று கையில் எல்லாம் இருந்தது. ஆக்ஸில் நட் மட்டும் அசையவில்லை. கிளம்புமுன் சர்வீஸில் காற்று கன் வைத்து இறுக்கிவிட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனர் அதற்கு எப்படிப் போதும்? கடைசியில் ராணுவ லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நெம்பினார், வந்துவிட்டது. அந்த உயரத்தில் நாலு தடவை பம்பு அடித்தாலே மூச்சு வாங்கும். அங்கே போய் முதல் முறை கற்றுக்கொள்ள முடியாது.

தம்பி, உங்களிடமிருந்து நான் எதிர்பார்த்த கேள்வி இதுதான்: "எந்தெந்த வேலையை என் கையால் செய்யத் தெரிந்திருக்கணும்?" வீட்டு வாசலில், பைக்கோடு எடுத்துப்போகும் டூல்ஸை மட்டும் வைத்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். லீவர் புது டியூபைக் கடிக்காமல் டயரை ஏற்றுவது பழகினால்தான் வரும். பக்கத்துக் கடை பஞ்சர் போடும் அண்ணனைக் கூட நிற்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் அவரை விடக் கெட்டிக்காரர் யாரும் கிடையாது. கிளட்ச் கேபிளுக்கு ஒரு வழி உண்டு. புதுக் கேபிள் ஒன்றை இப்போதே பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிடுங்கள். பழையது அறுந்தால் புதியதன் இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது.

டயர் காற்று பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மேலே போனால் கேஜில் காட்டும் அளவு கூடும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். மணாலி வழியில் வரும் தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட பாதிதான். குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். அதனால் பயந்து ஒவ்வொரு கணவாயிலும் காற்றை இறக்க வேண்டாம். இறக்கினால் கீழே வந்து திரும்ப அடிக்க வேண்டும். எஞ்சினும் அங்கே மந்தமாகத்தான் இழுக்கும், அது கோளாறு அல்ல. சுமையைக் குறைத்தவருக்கு அங்கே நிம்மதி.

வழி என்று கேட்டால், போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி. ஸ்ரீநகர் வழியில் ஜோஜி லா 3,528 மீட்டர், ஃபோத்து லா 4,108, அப்புறம் லேவுக்கு இறங்குகிறீர்கள். உடம்பு பழக நேரம் கிடைக்கிறது. லே போய்ச் சேர்ந்ததும் ஓய்வு எடுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். திரும்பும்போது, லே தாண்டி வரும் காரு என்ற ஊரில் டேங்கையும் கேனையும் நிரப்பிக்கொண்டு மணாலி பக்கம் இறங்கலாம். நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு ஒன்று வாங்கிவிடுங்கள்.